ஆய்வேட்டுக்குள் காப்புக் கயிறு

பீரோவுக்கு மேல் இருக்கும் அந்த ஆய்வேட்டைத் தூசி தட்ட எடுக்கும்போதெல்லாம் தானாகவே ஒரே பக்கத்தில்தான் விரிகிறது. மஞ்சள் வெளுத்த காப்புக் கயிறு ஒன்று அங்கே கிடக்கிறது.

ஆய்வேடு என் மதினியுடையது. அண்ணனைக் கட்டிக்கொண்டு கம்பத்துப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு எழுதி முடித்தார். அணுக்கருக்களை முழுவேகத்தில் மோதவிட்டால், இமைப்பொழுதுகூட நிற்காத ஒரு சூட்டில் புரோட்டானே உருகிக் குழம்பாகிவிடுமாம். அதற்குள் எந்தத் தெர்மாமீட்டரை விடுவது? கனமான குவார்க்குகள் என்ற நுண்துகள்களைத்தான். "மத்ததெல்லாம் குழம்புக்குள்ளயே பொறந்து குழம்புக்குள்ளயே காணாமப் போயிரும் தம்பி. இது மொத மோதல்லயே பொறந்துரும். கடைசிவரைக்கும் உள்ள கெடந்து முட்டி மோதித்தான் வெளிய வரும். எம்புட்டு வேகம் கொறஞ்சிருக்குனு பாத்தா, உள்ள என்ன நடந்துச்சுனு சொல்லிரலாம்" என்பார், திராட்சைக் குலையில் அழுகின பழங்களைக் கிள்ளிக்கொண்டே. வீட்டில் அதைக் கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு. பெருமைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

எங்கள் ஊரில் திருவிழாவுக்குச் சாமி சாட்டினால் வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்ட வேண்டும். கட்டியவர் திருவிழா முடியும் எட்டு நாளும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எப்போதும் அண்ணன்தான் கட்டுவார்; அப்பா இல்லை, தாலி இழந்த அம்மா கட்டக் கூடாதாம். அந்த வருடம் கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போனவர் காப்புக் கட்டும் நாளுக்குள் திரும்பி வரவில்லை. மதினிக்கோ அந்த எட்டு நாளுக்குள் வரும் வியாழக்கிழமை மதுரையில் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போனது. இதையும் விட்டால் பதிவே ரத்து. வீட்டில் முன்கூட்டிச் சொன்னால் தடுப்பார்கள் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். "இந்த ஒரு தடவ நீங்க கட்டிக்கங்க தம்பி."

பூசாரி தட்டோடு வாசலில் நின்றார். அம்மா என்னைப் பார்த்தாள். மறுநாள் கூட்டாளிகளோடு மூணாறு போக ஜீப் பேசியிருந்தேன். "எனக்குப் பரீட்ச இருக்கும்மா" என்றேன். பாவி, நாக்குக் கூசவில்லை எனக்கு. "அப்ப நீயே கட்டிக்கத்தா, பூசாரி எம்புட்டு நேரந்தான் நிப்பாக" என்று மதினியின் கையைப் பிடித்து நீட்டிவிட்டாள் அம்மா. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத மருமகள் அத்தனை பேர் முன்னால் என்ன பேசுவார்? என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை எல்லைக்கல் வரை நடந்துபோய், மதுரை பஸ் போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பினாராம். அந்நேரம் நான் தேயிலைத் தோட்டத்தில் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தேனியில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மதினி இன்னமும் திராட்சைதான் கிள்ளுகிறார். வருடா வருடம் முதல் ஆளாகக் காப்புக்குக் கை நீட்டுவது நான்தான். இந்த வருடம் பக்கத்தில் நின்ற மதினி மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு நீட்டிருக்கலாம்ல தம்பி."

கயிறு கிடக்கும் பக்கம் நன்றியுரை. அதன் கடைசி வரி: 'வீட்டில் எனக்குத் துணை நின்ற என் கொழுந்தனுக்கு.'