வாய்க்கு எட்டாத கை

"மடக்கி வாயைத் தொடுங்கம்மா," என்றாள் கொடைக்கானலில் எனக்குப் பிசியோதெரபி கொடுக்கும் பெண். மாவுக்கட்டுப் பிரித்த முழங்கை நறநறத்தது.

தாண்டிக்குடியில் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்த அப்பாவுக்கும் வலது முழங்கைதான் ஒடிந்தது. நாட்டு வைத்தியர் வீட்டில் முட்டைப்பத்துப் போட்டு, மூங்கில் வைத்து நீட்டிக் கட்டினார்கள்.

"அசைக்காதீங்க, எலும்பு சேராமப் போயிரும்," என்று மாதக்கணக்கில் அம்மா காவலிருந்தாள். எலும்பு சேர்ந்தது. கை மடங்கவேயில்லை.

சோற்றை இடக்கையால் தொட மாட்டார். அம்மாதான் ஊட்டினாள். அவள் செத்த பிறகு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான், "ஊட்டட்டுமாப்பா?" என்றேன்.

"போயி ஒஞ் சோலியப் பாரு."

சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, குனிந்து, தட்டில் வாய்வைத்துத் தின்றார். கடைசிவரை அப்படித்தான்.

"இன்னுங் கொஞ்சம்மா," என்றாள் பிசியோதெரபிப் பெண்.

உயிர் போகிற வலி. விரல் உதட்டில் பட்டது.

"பாத்தீங்களா? இனி நீங்களே சாப்பிட்டுக்கலாம்," என்றாள்.