தலைவர் அங்கிளின் ஹைட்ரஜன் பெட்டி

அந்த வெள்ளைக் கைக்குட்டையை நான் இன்றும் மறக்கவில்லை. டீசல் விலை தாறுமாறாக ஏறியிருந்த 2008 கோடை. அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. இருக்கைகளுக்கு அடியில் அதன் புகைக்குழாய் விரிசல் விட்டு, பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கே புகை வந்தது. என் மகளுக்கு வீசிங். குழாயை மாற்றுங்கள் என்று கேட்டேன். பள்ளியின் தலைவர் அங்கிள் அதற்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து எஞ்சினுக்கு அனுப்புமாம்; புகையே இருக்காதாம்.

பெற்றோர் கூடிய பார்க்கிங் லாட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயின் வாயில் கைக்குட்டையைப் பிடித்தார். கரி அப்பியது. பெட்டியை எஞ்சினில் மாட்டி, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஃப்ரீவேயில் ஒரு சுற்று ஓட்டிவந்து இன்னொரு கைக்குட்டையைப் பிடித்தார். அது பளிச்சென்று இருந்தது. சூடேறிய எஞ்சின் எப்படியும் குறைவாகத்தான் புகையும். கூட்டத்தில் பாதிப்பேர் இன்ஜினியர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். பூசை போட்ட பெட்டியைக் குறை சொல்லக் கூசினார்களோ என்னவோ. "அங்கிள், எஞ்சின் ஆறட்டும், அப்புறம் டெஸ்ட் பண்ணுங்க" என்றேன். "நீங்க எப்பவும் நெகட்டிவாவே பேசுறீங்கம்மா" என்று சிரித்தார். ஹைட்ரஜனை ஆராய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த மனிதரைப் பார்த்தால்தான் அருவருப்பு.

நான் தடுப்பதற்குள் என் மகளை வேனுக்குள் தூக்கி உட்காரவைத்துவிட்டார். "நல்லா டீப்பா மூச்சை இழுடா கண்ணு, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். பெரியவர் சொன்னால் கேட்கிற பெண். இழுத்தாள். இருமலுக்கு நடுவிலும் நாலைந்து பேர் கைதட்டியது என் காதில் விழுந்தது.

எமர்ஜென்சியில் அவள் மாஸ்க்கோடு படுத்திருக்க, ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்து நின்றார். "வேன்ல ஆச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. ப்ராடக்டுக்குக் கெட்ட பேர் வந்துடும்." அவரை அங்கேயே நிற்கவைத்து, டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த வாரமே சத்தமில்லாமல் குழாயை மாற்றிவிட்டார்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் அங்கிள் மைக்கைப் பிடித்தார். "நம்ம ஹைட்ரஜன் பாக்ஸ் வந்தப்புறம் வேனுக்குள்ள புகை வாசனையே இல்ல." அரங்கம் கைதட்டியது. மகள் என் கையை உதறிவிட்டு வெளியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் நானும் போனேன். இன்றுவரை நாங்கள் இருவரும் அந்த அரங்கத்துக்குள் போனதில்லை.