உரிக்காத தேங்காய் இரண்டு

நேற்றுக் காலை புட்டை அவிய வைத்துவிட்டு ரெலிபோனை எடுத்துப் பார்த்தால் என்னோடு படித்த ரெஜி ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். பிரான்ஸில் ஏதோ ஓர் ஏரி. தண்ணீரில் மிதக்கும் நீளப் பலகை ஒன்றின் மேல் துடுப்போடு நேராக நிற்கிறாள். என் வயதுதான் அவளுக்கும். எனக்கு முற்றம் கூட்டவே முழங்கால் விடுகிறதில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "இந்தக் கோடைக்கு வெளியிலை போய் மூண்டு புது விளையாட்டுப் பழகிறதெண்டு முடிவெடுத்திருக்கிறன். இது முதலாவது."

'நல்ல சந்தோஷம்' என்று விரல் அடித்தது. நெஞ்சுக்குள் எரிந்தது. இவள் எப்படி நிற்கிறாள், விழமாட்டாளா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் பானைத் தண்ணீர் வற்றி, கருகல் மணம் வந்த பிறகுதான் எழும்பி ஓடினேன். அந்தப் புட்டைத்தான் காலையில் தின்றோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்தவர்கள் சம்பலை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பொறாமை நேற்று வந்ததில்லை. எண்பத்தாறில், ஓகஸ்ட் லீவில் பிடித்தது. அப்போது எங்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் புதிதாக ஒரு ரீச்சர் வந்திருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு முதல், இந்த முறை இன்னது பழகுவேன் என்று முடிவு கட்டுவார்களாம். எங்கோ வாசித்துவிட்டு எங்களையும் அப்படிச் செய்யச் சொன்னார். நமக்கென்ன கோடை! வருஷம் முழுக்க வெயில், நடுவிலே கொஞ்சம் மாரி. ஆனால் ரீச்சர் பிடிவாதக்காரி. "வெளியிலை, வெய்யிலுக்கை செய்யிற அலுவலா இருக்கோணும். தையல், சமையல் ஒண்டும் வேண்டாம். பள்ளிக்கூடம் துவங்கேக்கை ஒவ்வொருத்தரும் எழும்பிச் சொல்லோணும்" என்றார்.

நான் எழும்பி, நீந்தப் பழகப் போவதாகச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? சுன்னாகத்துக்குப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரரின் மகள் நான். தண்ணீரை வாளியிலும் வாய்க்காலிலும் தவிர வேறெங்கும் கண்டவள் இல்லை. ஆனால் என் அண்ணை கூட்டாளிகளோடு கீரிமலைக் கேணிக்குப் போய்க் குதித்துவிட்டு வந்து சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அளப்பான். ஈரத் தலையோடு அவன் அளப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. எப்படியாவது ஒருநாள், யாருடைய பிடியும் இல்லாமல், காலுக்குக் கீழே தரை இல்லாமல் நான் மிதக்க வேண்டும். வேறொன்றும் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ரெஜி வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவள். யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஆமியின் ஷெல் விழத் தொடங்கியதும் குருநகரை விட்டு வந்து, எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் அவள் குடும்பம் இருந்தது. கடற்கரைப் பிள்ளை! எனக்கு வேறு யோசனையே வரவில்லை. "நான் உனக்கு என்ரை சைக்கிளிலை ஓடப் பழக்கிறன். நீ எனக்கு நீந்தப் பழக்கு" என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஓம், பழக்கிறன்" என்றாள்.

சைக்கிளை அவள் ஒரு கிழமைக்குள் பழகிவிட்டாள். நான் எங்கள் ஒழுங்கையில் கரியரைப் பிடித்துக்கொண்டு இளைக்க இளைக்க ஓடினேன். ஒருநாள் கையை விட்டதுகூட அவளுக்குத் தெரியாது, போய்க்கொண்டே இருந்தாள். எனக்கு இதற்கு ஒரு முழு வருஷம் பிடித்தது. இரண்டு முழங்காலிலும் தழும்பு வேறு. "பார், பிள்ளை எவ்வளவு கெதியாப் பழகியிட்டாள்" என்றார் அம்மா, என் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு. அம்மாவுக்கு ஏற்கனவே அவளில் ஒரு மயக்கம். மீன்காரன் வாசல் படலையில் மணி அடித்தால் ரெஜி ஓடிவந்து செவுளைத் தூக்கிப் பார்த்து, "உது நேத்தையான் மீன் அம்மா, வாங்காதேங்கோ" என்பாள். அன்றைக்கு எங்களுக்கு மரக்கறிதான். என் அம்மாவை அவள் 'அம்மா' என்பதும் எனக்குப் பிடிக்காமல்தான் இருந்தது.

பிறகு கீரிமலைக்குப் போனோம். நான் கரியரில், அவள் சைக்கிளை மிதித்தாள். சோளகக் காற்று முதுகில் தள்ள, வழியெல்லாம் பனம்பழ வாசம். பெண்கள் கேணி சுற்றிவர மதில் கட்டியது, வெளியிலிருந்து யாரும் பார்க்க ஏலாது. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் இரையும். நான் பாவாடையை நெஞ்சோடு குறுக்குக் கட்டிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளைக் கூப்பிட்டேன். அவள் மேல் படியில் நின்று பாதத்தை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வாவன்!"

"எனக்கு நீந்தத் தெரியாது."

நான் திகைத்துப்போனேன். "குருநகரிலை பிறந்திட்டு?"

"கடலுக்கை ஆம்பிளையள்தான் போறவை. நாங்கள் கரையிலை நிண்டு வலையிலை மீன் கழட்டிறது. ஆர் எங்களை நீந்த விட்டது?"

"அப்ப ஏன் பழக்கிறன் எண்டனீ?"

"உன்னட்டைச் சைக்கிள் இருந்தது. என்னட்டை என்னடி இருந்தது? கடல் ஒண்டுதானே. அதைத்தான் தந்தன்."

கோபிக்க வாய் திறந்தேன், சிரிப்பு வந்தது. குளித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் உரிக்காத தேங்காய் கொண்டு வாங்கோ, பழகலாம்" என்றார். உரிக்காத இரண்டு தேங்காயைக் குட்டைக் கயிற்றில் தொடுத்து, கயிறு நெஞ்சுக்குக் கீழே வர, காய்கள் கைகளுக்கடியில் இரு கமக்கட்டுக்கும் பக்கத்தில் மிதக்கப் படுத்தால் ஆள் தாழாது. மறுநாள் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு போனோம். லீவு முடிந்தபின் அந்தத் தேங்காய்கள் சம்பலுக்குப் போயின. மட்டை ஏன் இவ்வளவு ஊறிப்போய் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அம்மா உரித்தார்.

மாறி மாறிப் பழகினோம். ஒருத்தி தேங்காயோடு படுக்க, மற்றவள் வாய்க்குள் தண்ணீர் போகாமல் கீழிருந்து நாடியைத் தாங்கிப் பிடிப்பாள். ரெஜியின் நாடி என் கைக்குள் இருக்கும். "விட்டிடாதை, விட்டிடாதை" என்று கத்துவாள். அந்த நேரங்களில் அவளில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, நல்ல பிரியமாகவே இருந்தது. ஏனென்றால் அவள் பயந்தாள்.

பிறகொரு நாள், நான் பிடிக்க முதலே, தேங்காயைத் தள்ளிவிட்டு அவள் போனாள். அழகான நீச்சல் ஒன்றுமில்லை, நாய்க்குட்டி நீந்துகிற மாதிரித்தான். ஆனாலும் எதிர்ப்பக்க மதிலைத் தொட்டுவிட்டாள். கேணியிலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். அவள் அங்கிருந்து தலையை உதறிக்கொண்டு சிரித்தாள். நான் இரண்டு தேங்காயையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என் சைக்கிள், என் அம்மா, இப்போது என் நீச்சலும்!

"எடியேய், நான் பிடிக்கிறன். தேங்காயை விடு" என்று திரும்பி வந்தாள். "நாளைக்கு" என்றேன். லீவு முடியும்வரை நாளைக்கு என்றுதான் சொன்னேன். அவள் கைக்குள் என் நாடியைக் கொடுக்க மனம் வரவில்லை. திரும்பும்போது எதிர்க்காற்றில் அவள் மூச்சு வாங்க மிதிப்பாள், நான் பின்னால் குத்துக்கல்லு மாதிரி இருப்பேன். 'நான் இறங்கி நடக்கிறன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் துவங்கியது. ரெஜி எழும்பி, "சைக்கிள் ஓடப் பழகினனான் ரீச்சர்" என்றாள். நீச்சலைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்தது நான். எழும்பி நின்று வாங்கின் விளிம்பைச் சுரண்டினேன். முன் வாங்கில் சிரிக்கத் தயாரானார்கள். அப்போது ரெஜி இருந்தபடியே, "இவ நல்லா நீந்துவா ரீச்சர். என்னை விழாமல் பிடிச்சதும் இவதான்" என்றாள். ரீச்சர் கைதட்டச் சொன்னார். நன்றி வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்காக ஒரு பொய் சொல்லவும் இவளால் முடிகிறதே என்று அதற்கும் எரிந்தது.

அடுத்த ஓகஸ்டில் அவளிடம் கேட்டுப் பழகலாம் என்று உள்ளுக்குள் வைத்திருந்தேன். அதற்கு முதல் அவர்கள் மன்னாருக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். பிறகு தொண்ணூறில் ஆமி வந்து கீரிமலைப் பாதை அடைபட்டது. தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது சாமான் கட்டித் தள்ளிக்கொண்டு தென்மராட்சிக்குப் போன சைக்கிள் அங்கேயே தொலைந்தது. பாதை திறந்த பிறகு ஒருமுறை போனேன். கேணியும் படியும் இருக்கின்றன. பாதத்தை மட்டும் நனைத்துவிட்டு வந்தேன். ரீச்சரும் இல்லை. நான் நன்றாக நீந்துவேன் என்று நம்பியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

கருகிய பானையை ஊறவைத்துவிட்டு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அட! ரெஜியின் நெஞ்சில் பனங்களிச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை, இறுக்கிக் கட்டியபடி. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உடனே எழுதினேன்: "ஓகோ, இன்னும் தேங்காய் கட்டிக்கொண்டுதான் நிக்கிறியோ? கழட்டிப்போட்டு ஒரு படம் அனுப்பு பாப்பம்."

பதில் வந்தது.

"நீ வந்து நாடியைப் பிடி, கழட்டிறன்."

படத்தை மூடிவிட்டுப் பானையைத் தேய்க்கப் போனேன். கைக்கெட்டும் தூரத்தில், ஒரே தண்ணீருக்குள் நின்று அவளில் பொறாமைப்பட்ட காலம் போய்விட்டது. இப்போது எரிகிறபோது பிடித்துக்கொள்ள அவளுடைய நாடியும் இல்லை.