தோல் என்று தேடி வந்தவர்கள்

வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிற எல்லாரும் வாங்க வருகிறவர்கள் இல்லை. இது தெரியாமல் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனவர்கள் உங்களிலும் நிறைய பேர் இருப்பீர்கள்.

நான் மும்பை தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பதினாறு வருஷம் பசை தடவினேன். அந்த வாடையில் மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் முதலாளி காதர் பாய் என்னைப் போன் எடுக்க உட்காரவைத்தார். "ரம்ஜான் வரைக்கும் பாப்போம் செல்வி. ஆர்டர் வரலேன்னா வெப்சைட்ட மூடிட்டு நீ பழைய எடத்துக்கே போயிரணும்" என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து போன் அடித்தாலும் பதறுவேன், அடிக்காவிட்டாலும் பதறுவேன்.

நின்றுகொண்டே பேசியவள்

முதல் வாரமே ஒரு பெண் சிவப்புக் கைப்பையைப் பற்றிக் கேட்டாள். உள்ளே எத்தனை அறை, ஜிப் அறுந்தால் மாற்றித் தருவீர்களா, மழையில் நனைந்தால் சாயம் போகுமா என்று முக்கால் மணி நேரம். நானும் நாக்கு வறளப் பதில் சொன்னேன். ஆர்டர் ஆகிவிட்டது என்று பாயைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டிவிட்டேன். கடைசியில் விலாசம் கேட்டதும் அவள் சிரித்தாள்.

"அய்யோ, வாங்க இல்ல ஆன்ட்டி, ரீல்ஸ்ல பாத்தேன்! ட்ரெயின்ல டோம்பிவிலி வரைக்கும் சீட் கிடைக்கல, உங்ககிட்ட பேசிட்டே வந்ததுல கால் வலியே தெரியல."

கோபமில்லாத மனிதர்

அதற்கப்புறம் யார் போன் பண்ணினாலும், எங்கே பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். மாட்டுங்காவிலிருந்து ஒருவர் பேசினார். நெட்டில் 'லேப்டாப் தோல் பை மொத்த ஆர்டர்' என்று இங்கிலீஷில் எழுதித் தேடினாராம். முப்பது பை, கறுப்பு, கம்பெனி பெயர் பதிக்க வேண்டும், புதன்கிழமை ஆள் வருவான். வைத்துவிட்டார். இரண்டு நிமிஷம்கூட இல்லை. நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேனோ என்று பட்டது. மன்னிப்புக் கேட்பதற்காகத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, எனக்கென்ன கோபம்? வேணுங்கறது கெடைச்சுடுத்து, அப்புறம் என்ன பேச்சு?"

முழங்கைக்குப் பின்னால்

ரீல்ஸ் பார்த்து வருகிறவர்கள் வேடிக்கைக்கு, தேடி வருகிறவர்கள் வாங்குவதற்கு என்று நோட்டில் பெரிதாக எழுதி, பாயிடமும் பெருமையாகக் காட்டினேன். அது எனக்கே வினையாயிற்று. எங்கள் வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ளும் பிரியா செம்பூரிலிருந்து வந்தாள். அதிலிருக்கும் தமிழ்ப் பக்கத்துக்குத் தேடி வருகிறவர்கள் மளமளவென்று கூடியிருக்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட வாங்கவில்லை என்றாள். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். தேடி வருகிறவர்கள் வாங்குகிறவர்கள் என்றால், வாங்கவிடாமல் கெடுத்தது போன் எடுக்கிறவள்தானே? ரம்ஜானுக்குப் பத்து நாள் இருந்தது. எனக்கு அப்போதே பசை வாடை அடித்தது.

மறுநாள் மான்குர்திலிருந்து ஒரு அம்மா. "தோலுக்குப் பாக்குற எடந்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். முழங்கைக்குப் பின்னால் தடித்திருக்கிறது, ராத்திரியெல்லாம் அரிக்கிறது என்றாள். நான் அவசரமாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாய் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த தலைப்பு பளிச்சென்று நின்றது: 'எல்லா வகைத் தோலுக்கும் நம்பிக்கையான இடம்.' இங்கே பைதான் செய்கிறோம் என்று எடுத்துச் சொன்னேன்.

"பை கெடக்கட்டும்க்கா, டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?"

இரண்டாவது கேள்வி

அன்றிலிருந்து எங்கே பார்த்தீர்கள் என்பதோடு நிறுத்தவில்லை. என்ன எழுதித் தேடினீர்கள் என்றும் கேட்டேன். தோல் அரிப்பு, தோல் தடிப்பு, தோல் வெடிப்பு என்றே வந்தது. ஒருவர் தன் மாமனாரின் குதிகாலைப் படம் எடுத்தே அனுப்பியிருந்தார். நோட்டைக் கொண்டுபோய் பாய் முன்னால் வைத்தேன். தலைப்பு எழுதியவரிடமே தலைப்பு தப்பு என்று எப்படிச் சொல்வது? பாய் கூப்பிட்டு வந்த பிரியா தன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். அதிலும் அதே வார்த்தைகள். "கூட்டத்தை மட்டும் பார்த்தேன்க்கா, வார்த்தையைப் பார்க்கலை" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். எனக்கு ஒரு பட்டம் வாங்கினமாதிரி இருந்தது.

தலைப்பை 'தோல் பை, பெல்ட், பர்ஸ்: மொத்தமாகவும் சில்லறையாகவும்' என்று மாற்றினார்கள். வருகிறவர்கள் பாதிக்குப் பாதி குறைந்தார்கள். பெருநாளுக்கு முந்தின வாரம் சுனாபட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூடம், அதற்கடுத்து ஒரு கல்யாண வீடு என்று ஆர்டர் வந்தது, இரண்டுமே தமிழ்ப் பக்கத்தில் தேடி. பாய் நோட்டைப் புரட்டினார், தலைப்பை ஒரு தடவை படித்தார், என்னைப் பார்த்தார்.

"கூட்டம் கொறைஞ்சிட்டு, சரக்கு போவுது, நீ அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்காத யம்மா."

எனக்குத் தெரிந்த மார்க்கெட்டிங் இவ்வளவுதான்: என்ன எழுதித் தேடினீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பை விற்கிற வாயால் களிம்பின் பெயர் சொல்ல வேண்டிவரும்.