ஏழு நாள் தண்ணீர் படாத வண்டி

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் அருள்ஜோதி அக்காவின் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. நான் ஜெராக்ஸ் போடுகிறவன், டைப் அடிக்கிறவன். அதனால் அவர் படும் பாட்டில் பாதி என் தலையிலும் விழும். ஒட்டிய ஸ்டிக்கரை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கு அவர் கொடுக்கும் நோட்டீஸை இதுவரை பதினான்கு தடவை மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூட அதைப் படித்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதல் நோட்டீஸில் மூன்றே வரிகள். ஏழு நாளைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஓரத்தை நகத்தால் நோண்டக் கூடாது. அழுக்கானால் மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். படித்த மனிதர்களுக்கு இது போதும் என்று அக்கா நம்பினார். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போன பச்சமுத்து, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த காற்றுக் குமிழ்களைத் தன் மனைவியின் சேலை ஊக்கால் ஒன்று விடாமல் குத்தினார். வண்டி இரண்டு நாள் வெயிலில் நின்றிருந்தால் அவை தானாக அடங்கியிருக்கும். 'ஊக்கால் குத்தக் கூடாது' என்று ஒரு வரி சேர்ந்தது. அடுத்தவர் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினார். ஒரு வரி. அதற்கடுத்தவர் டீசலில் துணியை நனைத்துத் துடைத்தார். இன்னொருவர் வாட்டர் சர்வீஸில் விட்டு, பைப்பை ஓரத்திலேயே வைத்துப் பீய்ச்சச் சொல்லி, உரிந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து திரும்ப ஒட்டச் சொன்னார். நோட்டீஸ் இரண்டு பக்கமானது அப்படித்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பூஜை. காலையில் ஒட்டிய வண்டியை மத்தியானமே மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், ஒவ்வொரு எழுத்தின் மேலும் சந்தனம் வைப்பார்கள், கற்பூரத்தை ஓரத்துக்குப் பக்கத்திலேயே காட்டுவார்கள். மறுநாள் வந்து, "இன்னாக்கா, சுருங்கிக்கினு போவுது, நல்ல ஸ்டிக்கர் போடக்கூடாதா" என்று கேட்பார்கள். சாமி கும்பிடுவதை எப்படி வேண்டாமென்பது? அதுவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தோணியார் கோவிலுக்குப் போகிற அக்கா எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப ஒட்டுவார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து கத்துவார்.

அக்கா பாண்டிச்சேரியில் ஒரு போர்டு கடையில் ஒன்பது வருஷம் நின்று தொழில் கற்றவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும் வெட்டும் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அவர் தேய்க்கிற தேய்ப்பில் ஒரு சுருக்கம்கூட விழாது. அப்படிப்பட்ட கைக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேனால் கெட்ட பெயர் வந்தது. டிரைவர் தினமும் கிணற்று மோட்டார் கொட்டகையில் வண்டியை நிறுத்திக் கழுவினார். ஆறாம் நாள் பள்ளிக்கூடத்தின் பெயரில் பாதியைக் காணவில்லை. 'செஞ்சி ஸ்டிக்கர் ஒரு வாரம்' என்று அன்று யாரோ சொன்னது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரவிவிட்டது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அக்காவின் முகம் சுண்டிப்போகும்.

இந்த ஆடியில்தான் அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க ஒரு வழி வந்தது. ஒரு தனியார் பால் கம்பெனிக்காகக் கிராமம் கிராமமாகப் பால் எடுக்கும் வண்டிகள் பன்னிரண்டு. முதலில் ஒரு வண்டிக்கு ஒட்ட வேண்டும். பத்தாம் நாள், திங்கட்கிழமை, கம்பெனி அதிகாரி இளவரசன் நேரில் வந்து பார்ப்பார். ஸ்டிக்கர் நன்றாக நின்றிருந்தால் மீதிப் பதினொன்றும் அக்காவுக்கு. ஓரம் தூக்கியிருந்தால் எல்லாம் பாண்டிச்சேரிக்குப் போய்விடும்.

அந்த முதல் வண்டி சிங்கவரம் தங்கராசுவுடையது. அக்கா அரை நாள் உட்கார்ந்து ஒட்டினார். முடித்ததும் நோட்டீஸைக் கொடுத்தார். தங்கராசு அதை நான்காக மடித்து, ஒரு முனையைக் கூராக்கிப் பல் குத்த ஆரம்பித்தார்.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கடைக்குள் நுழைந்து, பேப்பர் கட்டுக் கட்ட நான் வைத்திருந்த மஞ்சள் நூலை உருவிக்கொண்டு போய், வண்டியின் கண்ணாடிக் கம்பியில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார்.

"தங்கராசு, இங்க பாரு. இந்த நூலு இருக்கிற வரைக்கும் வண்டி மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. ஏழு நாளு. புரிஞ்சுதா?"

தங்கராசு பல் குத்துவதை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "சரிங்கக்கா" என்றார். காலில் முள் ஏதோ குத்தியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்குத் தங்கராசுவின் வண்டி வந்து நின்றது. உள்ளே பால் கேன்கள் பளபளத்தன. வெளியே செம்மண் சேறு கண்ணாடி வரைக்கும் அப்பியிருந்தது, அதன்மேல் சாணி. ஸ்டிக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. நூல் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னாது இது?" என்றார் அக்கா.

"நீங்கதானேக்கா தண்ணி படக்கூடாதுன்னீங்க."

"ஏழு நாளுன்னேன். இன்னிக்குப் பத்து."

"நூலு இருக்குதே. கட்டுனவங்கதானே அவுக்கணும்."

வண்டிக்குள்ளிருந்து தங்கராசுவின் மனைவி நாகம்மாள் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு இறங்கினார். "வண்டிக்குக் காப்பு கட்டிக்கீதுன்னு பத்து நாளா வூட்ல கறி ஆக்கலக்கா. ராத்திரியில வண்டி ஊர் எல்லையத் தாண்டல. மழைக்கு மாட்ட வெளிய கட்டிட்டு வண்டியத்தான் கொட்டாயில வுட்டோம்."

சாணி வந்த வழி தெரிந்தது. "அப்ப இந்த சேறு?" என்று கேட்டேன்.

"ரோட்ல தெறிச்சது. சேறு தண்ணி இல்லியே" என்றார் தங்கராசு.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அடியே, நான் அந்தோணியார் கோவிலுக்குப் போறவ. நான் எங்கடி காப்பு கட்டுனேன்?"

"யாரு கட்டுனா இன்னாக்கா, கட்டுனா காப்புதானே" என்றார் நாகம்மாள்.

அதற்குள் இளவரசனின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இதுதான் சாம்பிளா? ஸ்டிக்கர் எங்கம்மா?"

"இருங்க சார்" என்று அக்கா எழுந்தார். மூன்று முடிச்சையும் அவிழ்த்தார். நாகம்மாள் சொம்பில் இருந்ததைக் கண்ணாடிக் கம்பியில் ஊற்றியபோது, வாழ்க்கையிலேயே முதல்தடவையாக அக்கா தடுக்கவில்லை. பிறகு ஒரு வாளியில் ஷாம்பூ கரைத்து, மெத்தென்ற துணியை நனைத்து, மேலிருந்து கீழே மெதுவாகத் துடைத்தார். சேறு இறங்க இறங்க நீல எழுத்து வந்தது, பால் கேன் படம் வந்தது, ஓரம் வந்தது. ஒரு மயிரிழைகூடத் தூக்கவில்லை. பத்து நாளாக யாரும் நோண்டாமல், தேய்க்காமல், கழுவாமல் விட்ட ஸ்டிக்கரை நாங்கள் இருவரும் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

இளவரசன் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"நகத்த எடுங்க சார்" என்றார் அக்கா.

அவர் எடுத்துவிட்டார். "எங்க டிரைவருங்க தெனம் கழுவுவாங்கம்மா, எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாங்க. இவர மட்டும் எப்படி?" என்றார். தங்கராசு பயபக்தியோடு அந்த நூலைக் காட்டினார். இளவரசன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மீதிப் பதினொரு வண்டிக்கும் ஒட்டிடுங்க. இதையும் கட்டிடுங்க" என்றார்.

கார் போனதும் அக்கா அழுதுவிட்டார். ஈரத்துணியாலேயே கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் சேறு. பஸ் ஸ்டாண்டில் இப்போது அந்த 'ஒரு வாரம்' பேச்சு இல்லை.

ஆனால் பதினொரு வண்டியும் பதினொரு ஊரில் இருக்கின்றன. ஒட்டிய ஏழாம் நாள் ஒவ்வொரு ஊராக அக்கா போய்த்தான் ஆக வேண்டும். போனால் அவிழ்த்துவிட்டு உடனே கிளம்ப முடியாது. கூழ் குடிக்காமல் விட மாட்டார்கள். மண்டகப்பட்டில் ஒரு வீட்டில் புடவை வைத்துக் கொடுத்தார்களாம். போன வாரம் பொறுக்க முடியாமல் என் கடைக்கு வந்து பதினைந்தாவது நோட்டீஸை அடிக்கச் சொன்னார். பெரிய எழுத்தில் ஒரே வரி: 'ஏழாம் நாள் நூலை நீங்களே அவிழ்த்துக்கொள்ளலாம்.'

அதையும் யாரும் படிக்கவில்லை. இன்று காலை அக்கா கடையைச் சாத்திவிட்டுத் தளவானூர் பஸ் ஏறினார்.