மரத்தின் மேல் போட்ட பழி

ரைபிள் கிளப்பில் மருந்துக்கடைக்காரரை எல்லோரும் ‘மில்லிமீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குறி ஒரு நூல் தள்ளிப் போனாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய துப்பாக்கிக்கு வால்நட் மரத்தில் குழலைத் தாங்கும் கட்டை செய்துகொடுத்தவள் கிளப்பின் தச்சுவேலைக்காரி. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்தியது. கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். “குழலைப் பிடிச்சிருக்கிற இந்த ரெண்டு திருகையும் நீங்க தொடாதீங்க சார். மரம் இது, ரொம்ப இறுக்கினா நசுங்கும். நானே பார்த்துக்கறேன்.”

போட்டியன்று பதினான்கு குண்டுகள் இடப்பக்கமே ஒதுங்கின. மில்லிமீட்டருக்குக் கோபத்தில் கண்மண் தெரியவில்லை. நாற்பது பேர் பார்க்க, துப்பாக்கியைக் கொண்டுபோய் அவள் மேஜையில் போட்டார்.

“ஈர மரத்தை என் தலையில கட்டிட்டீங்க. ஊதிப்போய்க் கிடக்கு. தெரியாத வேலையை எதுக்கு ஒத்துக்கறீங்க?”

அவள் கட்டையைக் கழற்றி உள்ளே பார்த்தாள். மறுபடி பூட்டிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமே கிளப் செயலாளர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மில்லிமீட்டர் அலுமினியக் கட்டைக்கு மாறினார். காலையில் அது கன்னத்தில் சில்லென்று ஒட்டும். சுட்டால் கணீரென்று அதிரும். ஆனால் மழையென்ன, வெயிலென்ன, இம்மி அசையாது. எப்படி முறுக்கினாலும் தாங்கும். குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. “நான் அப்பவே சொல்லல?” என்று தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் குறி அட்டையைக் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கட்டையைப் பரணில் போடுமுன் துடைக்க எடுத்தார். உள்ளே, திருகுத் துளைகளைச் சுற்றி மரம் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. ஊதவில்லை, நசுங்கியிருந்தது. போட்டிக்கு முதல் நாள் மனசு கேட்காமல், வீட்டுத் திருப்புளியால் ஒரு சுற்று, போதாதென்று இன்னும் அரைச் சுற்று முறுக்கியது நினைவுக்கு வந்தது. காதுமடல் சுட்டது. அறையில் வேறு யாருமில்லை. இருந்தும் கட்டையைத் துணியால் மூடினார்.

பதினோரு நாள் அப்படியே மூடிவைத்திருந்தார். “இருமல் மருந்து கேட்டா கண் மருந்தை எடுத்து நீட்டறீங்களே, என்னங்க ஆச்சு?” என்று கடையில் மனைவி அதட்டினாள். பன்னிரண்டாம் நாள் தச்சுவேலைக்காரியின் கதவைத் தட்டினார்.

“திருகை நான்தான் இறுக்கினேன்” என்றார், தன் செருப்பைப் பார்த்தபடி.

“தெரியும் சார். அன்னிக்குக் கழட்டினப்பவே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“அத்தனை பேர் முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவா போயிடும்னு விட்டுட்டேன். நீங்க ஈர மரம்னே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவீங்கன்னு நினைக்கல.”

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அடுத்த கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். செயலாளரே நேரில் போய் அவளைத் திரும்ப அழைத்து வந்தார். வந்ததும் அவள் முதல் வேலையாக, அவருடைய பழைய மரக்கட்டையின் துளைகளுக்குள் அலுமினியக் குழாய் பொருத்தினாள். இனி யார் முறுக்கினாலும் மரம் நசுங்காது.

இப்போது குண்டுகள் நேராகத்தான் போகின்றன. அவள் கிளப் பட்டறையில் இருக்கும் நாட்களில் மட்டும் மில்லிமீட்டர் அவள் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக நுழைகிறார்.