குங்குமம் வைத்த அமெரிக்க நோட்டு

சந்தனமும் கற்பூரமும் கலந்த மணம், அதற்கடியில் பழைய காகிதத்தின் வாடை. மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில், எங்கள் ஓரறை வீடான "காம்பிரா"வில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அமெரிக்க நோட்டை நினைத்தால், முதலில் எனக்கு வருவது அந்த மணம்தான்.

துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த தாத்தாவுக்கு, அங்கே தங்கிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தது அது. இப்போதைய டொலரைவிடப் பெரியது. நடுவில் ஏதோ ஒரு சின்ன ஊர் வங்கியின் பெயரும், கீழே அந்த வங்கிக்காரர்கள் இருவர் பேனாவால் போட்ட கையெழுத்தும் இருந்தன.

அந்த வருடம் லயத்துக்குப் பின்னாலிருந்த மலையில் வெடிப்பு விழுந்தது. மழைக்கு முன் வெளியேறுங்கள் என்று சொன்ன அதிகாரிகள், எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. அப்பா அலையாய் அலைந்து, அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் பேசிவைத்தார். அதற்கு எங்களிடம் இருந்தது அந்த நோட்டு ஒன்றுதான். பதுளையில் துணிக்கடை முதலாளி ஒருவர் பழைய வெளிநாட்டு நோட்டுகள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

முதலாளி பூதக்கண்ணாடியை வைத்து வங்கியின் பெயரைப் படித்தார். "அசல்தாங்க. இந்த மாதிரி சின்ன ஊர் பேங்க் நோட்டு கெடைக்கிறதே அபூர்வம்" என்றவர், கையெழுத்து இருக்கவேண்டிய இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். அங்கே செக்கச்செவேலென்று ஒரு வட்டம். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, மை முழுக்கக் கரைந்துபோயிருந்தது. "லட்சுமிய வெறும் நெத்தியோட வைக்கக் கூடாது" என்பாள் அம்மா.

"பூசை பண்ணியே கெடுத்துட்டீங்களே. இத நான் எடுத்து என்னங்க செய்ய?"

அப்பா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா, "என் கையாலயே கெடுத்துப்புட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா அவளைத் திட்டவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்த அன்று, அப்புத்தளையில் யாராவது வாங்குவார்களா என்று கேட்க அப்பா நோட்டோடு போயிருந்தார், நான் பள்ளிக்கூடத்தில். காய்ச்சலில் படுத்திருந்த அம்மா மட்டும் காம்பிராவில் இருந்தாள்.

இன்று அங்கே லயம் இல்லை, மானாப்புல்தான் மண்டிக் கிடக்கிறது. அப்பாவும் போய்விட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. போன மாதம் அதைப் பார்த்த ஒருவர், மருந்து போட்டுக் கறையை எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். முடியாது என்றேன். அம்மாவின் போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் குங்குமத்தில் அவளுடைய மோதிர விரலின் ரேகை இருக்கிறது.